வீட்டுக்குள் ஆள் அனுப்புவதற்கு முன்

கேள்வி: ஐயா, நான் ஒரு சின்ன இன்டர்நெட் நிறுவனம் நடத்துகிறேன். ஆயிரத்துக்கும் குறைவான இணைப்புகள். பெரும்பாலும் ஃபைபர், கேபிள் போகாத சில இடங்களுக்கு வயர்லெஸ். வெளிவேலைக்கு நான்கு டெக்னீஷியன்கள், போன் எடுக்க ஒருவர், மிச்சமெல்லாம் நான்தான். கொரோனா காலத்தில் நிறுவனம் என் அண்ணன் கையில் இருந்தது. அன்றன்றைக்குத் தோன்றியபடி சமாளித்தார். ஒரு டெக்னீஷியன் எந்த வீட்டுக்குள்ளும் போக மாட்டேன் என்றார். இன்னொருவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். வாடிக்கையாளர்களில் சிலர் வீட்டில் நோயாளி இருப்பதைச் சொல்லாமலே கூப்பிட்டார்கள். அப்படி ஒரு நிலைமை மறுபடி வந்தால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வைக்க நினைக்கிறேன். எந்த வீட்டுக்குள் போகலாம், மறுக்கும் ஊழியரை என்ன செய்வது, மறைக்கும் வாடிக்கையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய நிறுவனங்களின் விதிமுறைகளைப் படித்தேன். எங்கள் அளவுக்கு அவை ஒத்துவரவில்லை.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

காய்ச்சலை மறைத்த ஊழியரையும் நோயாளியை மறைத்த வாடிக்கையாளரையும் தனித்தனிச் சிக்கலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. உண்மையைச் சொன்னால் நஷ்டம் தனக்குத்தான் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. "வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல்" என்று சொன்னால் இரண்டு வாரத்துக்கு ஆள் வரமாட்டார், நெட் கிடையாது. "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் அன்றைய வருமானம் போச்சு. இந்த நிலைமையில் யார்தான் சொல்வார்? மறைப்பவரைக் கண்டுபிடிக்க வழி கேட்கிறீர்கள். மறைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வதுதான் சுலபமான வழி, செலவும் குறைவு. உங்கள் விதிமுறையில் மாஸ்க், சானிடைசர் எல்லாம் வரட்டும். அதற்கு முன் இதை எழுதுங்கள்.

ஊழியர்களிடமிருந்து தொடங்கலாம். சின்ன நிறுவனங்களில் ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது சாதாரணம். மற்ற நாட்களில் அதில் பெரிய தப்பில்லை. தொற்று பரவும் நாளில் அந்தக் கணக்குதான் உங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கெடுக்கும். வாசலில் இருமல் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தவருக்குக் காசில்லை, கண்டுகொள்ளாமல் உள்ளே போனவருக்குக் காசு உண்டு என்றால், நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே தொற்றுக்காலம் முழுவதும் நாள் சம்பளத்துக்கு மாறிவிடுங்கள். அது முடியாது என்றால், வாசல்வரை போய்த் திரும்பியதும் முழு விசிட்டாகவே எண்ணப்படும் என்று எழுதிக் கொடுங்கள். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருப்பவருக்கும் சம்பளம் உண்டு. நான்கே பேர் இருக்கும் இடத்தில் இது கையைக் கடிக்கும், தெரியும். ஒருவரிடமிருந்து மற்ற மூவருக்கும் பரவி, மழையில் எங்கேயோ கேபிள் அறுந்து, ஜாயின்ட் போட ஆளே இல்லாத நாளை நினைத்துப் பார்த்தால் கடி அவ்வளவு வலிக்காது.

உள்ளே போக மாட்டேன் என்றவரை "மறுக்கும் ஊழியர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வீட்டில் வயதான பெற்றோர் இருக்கலாம், அவருக்கே சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருக்கலாம். காரணத்தை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். கம்பத்தில், தெருப் பெட்டியில், மொட்டை மாடியில், போனில் செய்யவேண்டிய வேலை தொற்றுக்காலத்தில் ஏராளம். அதை அவருக்குக் கொடுங்கள். உங்களிடம் அறுந்த ஃபைபரை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைஸிங் மெஷினை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவர் ஆசைப்பட்டால்கூட எந்த வீட்டுக்குள்ளும் அனுப்பாதீர்கள். அவர் படுத்தால் ஊரே படுத்துவிடும்.

அடுத்தது வாடிக்கையாளர். புகார் பதிவு செய்யும்போதே கேள்வி கேட்கவேண்டும், ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "உங்கள் வீட்டில் யாருக்காவது கொரோனா இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அது ஏதோ குற்ற விசாரணை போல இருக்கிறது. போன் எடுப்பவர் இப்படிக் கேட்கலாம்: "எப்படி இருந்தாலும் உங்கள் நெட்டைச் சரிசெய்து தருவோம். வெளியிலிருந்து செய்வதா, உள்ளே வந்து செய்வதா என்று முடிவு பண்ணத்தான் கேட்கிறேன். கடந்த சில நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்ததா? யாரையாவது வெளியே வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா?" முதல் வாக்கியம்தான் இங்கே முக்கியம். சொன்னாலும் நெட் வரும் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த வாக்கு காப்பாற்றப்படவும் வேண்டும். "சொன்னேன், பத்து நாள் தள்ளிப் போட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் பக்கத்து வீட்டில் சொன்னால் போதும், அப்புறம் அந்தத் தெருவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

இதே கேள்வியை டெக்னீஷியன் வாசலுக்கு வந்து, வண்டியில் உட்கார்ந்தபடியே போனில் இன்னொரு முறை கேட்கவேண்டும். நேற்று "இல்லை" என்றவருக்கு இன்று காலையில் காய்ச்சல் வந்திருக்கலாம். அப்புறம், இரண்டு முறையும் "இல்லை" என்ற பதில் உண்மையாகவே இருந்தாலும் அதை நம்பி மாஸ்க்கைக் கழற்ற முடியாது. கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவியது. தனக்கு இருப்பதே தெரியாதவர் என்னத்தைச் சொல்வார்?

சரி, "வெளியிலிருந்தே சரிசெய்வோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். எப்படி? வைரஸைப் பற்றிக் கொஞ்சமும், எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேரும் உங்கள் ஓஎல்டி பெட்டியைப் பற்றி நிறையவும் யோசிக்கவேண்டிய இடம் இது.

ஒரு வீட்டில் நெட் இல்லை என்று போன் வருகிறது. வண்டியை எடுப்பதற்கு முன் ஓஎல்டியில் பாருங்கள். வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்யு பெட்டிகளில் பெரும்பாலானவை கரண்ட் போகும் கடைசி நொடியில் "எனக்கு மின்சாரம் போகிறது" என்று ஒரு தகவலை அனுப்பிவிட்டுத்தான் அணையும். டையிங் காஸ்ப் என்பார்கள். அது பதிவாகியிருந்தால் கேபிளில் கோளாறு இல்லை. அடாப்டர் செத்திருக்கும், அல்லது வீட்டில் யாரோ ஸ்விட்சை அணைத்திருப்பார்கள். அது பதிவாகாமல் சிக்னல் மட்டும் போயிருந்தால் ஃபைபர்தான். அப்போது ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டரைக் கவனித்து, அதே ஸ்ப்ளிட்டரில் இருக்கும் மற்ற வீடுகளைப் பாருங்கள். எல்லாமே போயிருந்தால் கோளாறு தெருவில் இருக்கிறது, எந்த வீட்டுக் கதவையும் தட்டவேண்டாம். ஒரு வீடு மட்டும் என்றால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிளிலோ, உள்ளே பெட்டியோடு இணைக்கும் பேட்ச் கார்டு என்ற சின்னக் கேபிளிலோ பிரச்சினை.

லைன் உயிரோடு இருந்தால் வாங்கும் ஒளியின் அளவைப் பாருங்கள். ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள்; மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி மங்கல். வழக்கமான பி பிளஸ் வகை ஜிபான் (ஃபைபர் இணைப்பு முறை) கருவிகளில் ஓஎன்யுவுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை வரலாம். மைனஸ் 20, 22 என்று நிம்மதியாக இருக்கும் வீட்டிலிருந்து "நெட் ஸ்லோ" என்று புகார் வந்தால் கேபிளைத் தேடிப் போவது வீண் வேலை. பெரும்பாலும் அது வைஃபை. தொற்றுக்காலத்துப் புகார்களில் இந்த ரகம்தான் குவியும், ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கிறார்கள். அறைக்கு ஒருவர் வீடியோ காலில் இருக்கிறார், ரூட்டர் மட்டும் வரவேற்பறை அலமாரிக்குள் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே எடுத்து உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தூரத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், பக்கத்தில் இருப்பவருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று பிரித்துக் கொடுங்கள். வைஃபை சேனலை நீங்களே ஆபீஸிலிருந்து மாற்றலாம். அதற்கான டிஆர்-069 என்ற தொலைநிர்வாக முறை 2004 முதலே இருக்கிறது. உங்கள் கருவிகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் இந்த மாதமே இயக்குங்கள். கொரோனா வந்தபிறகு அதை இயக்க வீடு வீடாகப் போகவேண்டியிருந்த நிறுவனங்களும் இருந்தன.

வாடிக்கையாளரை வீடியோ காலில் அழைத்து விளக்குகளைக் காட்டச் சொல்வது நல்ல வழி. "சிவப்பு எரியுதா?" என்று வாயால் கேட்டால் பவர் விளக்கைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைச் சொல்வார். கேமராவைப் பெட்டிக்கு நேரே காட்டச் சொன்னால் ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு கட்டுப்பாடு: பவர் வயரையும் லேன் கேபிளையும் கழற்றி மாட்டச் சொல்லலாம், ஃபைபர் கனெக்டரைத் தொடச் சொல்லாதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே எட்டிப் பார்க்கத் தோன்றும், பார்க்கக் கூடாது. தவிர, கழற்றி, ஊதி, சட்டையில் துடைத்துத் திரும்பச் சொருகினால் முனையில் அழுக்கு ஏறி, இருந்த சிக்னலும் போய்விடும். பச்சை கனெக்டர் இருக்கவேண்டிய இடத்தில் நீலத்தைச் சொருகிவைத்த கதைகளும் உண்டு. பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது, நீலத்தோடு சேராது.

உள்ளே இருக்கும் பெட்டிதான் போய்விட்டது என்றால், புதியதை ஆபீஸிலேயே தயார் செய்யுங்கள். ஓஎல்டியில் சீரியல் நம்பரைச் சேர்த்து, ஒரு முறை இயக்கிப் பார்த்துவிட்டு, பழைய பெட்டியில் இருந்த அதே வைஃபை பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வையுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இதைச் செய்யாவிட்டால் டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றிலும் புது பாஸ்வேர்டு போடவேண்டும். தனியாக இருக்கும் வயதானவருக்கு அது முடியாது. "ஒரு நிமிஷம் உள்ளே வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்க" என்று உங்கள் ஆளைக் கூப்பிடுவார். அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரமாகும்.

நோயாளி இருக்கும் வீடு, உள்ளே ஓடும் ஃபைபரே உடைந்திருக்கிறது என்றால் என்ன செய்வது? பழைய வழியை விட்டுவிடுங்கள். வெளிச்சுவரில் புதிதாக ஒரு டிராப் கேபிளை இழுத்து, கனெக்டரை வெளியிலேயே போட்டு, சிக்னலை அளந்து பார்த்து, ஓஎன்யுவில் சொருகி, அது நழுவாதபடி டேப் சுற்றி, பெட்டியும் கேபிளுமாக ஜன்னல் வழியே உள்ளே வைத்துவிடுங்கள். வீட்டுக்காரர் செய்யவேண்டியது பிளக்கைச் சொருகுவது மட்டும்தான். உங்கள் ஆள் தள்ளி நின்று, விளக்கு பச்சையானதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஜன்னல் கதவு கேபிளை நசுக்கக் கூடாது என்பதால் வளைவைத் தாங்கும் ஜி.657 வகை கேபிளைப் போடுங்கள். அதிலும் ஏ2 ரகம் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளையும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். எல்லாரும் குணமானபிறகு வந்து ஒழுங்காகப் போட்டுத் தருவோம் என்று சொல்லுங்கள், போட்டும் கொடுங்கள்.

வயர்லெஸ் வீடுகளில் ஆன்டெனா மாடியில் இருப்பதால் பாதி வேலை வெளியேதான். அடாப்டரை மாற்றுவது வாசலோடு முடிந்துவிடும். மாடிக்குப் படி வீட்டுக்குள்ளிருந்துதான் போகிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்போதே குறித்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கொஞ்சம் வீடுகள் மிஞ்சும். உள்ளே போய்த்தான் ஆகவேண்டும், யாருக்கும் அறிகுறி இல்லை. முந்தின நாளே செய்தி அனுப்புங்கள்: ரூட்டர் இருக்கும் அறையைக் காலி செய்து, ஆள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களைத் திறந்துவைத்து, வேலை முடியும்வரை வேறு அறையில் இருங்கள். இரு தரப்புக்கும் மாஸ்க். உங்கள் ஆட்களுக்கு என்95 அல்லது அதற்கு ஈடானது, துணி மாஸ்க் வேண்டாம். வெளியே செய்ய முடிந்ததை உள்ளே செய்யக் கூடாது. பெட்டியை வண்டியிலேயே பிரித்து, ஜாயின்ட்டைத் திண்ணையிலோ மாடியிலோ போட்டுவிட்டு, கடைசி வேலைக்கு மட்டும் நுழையவேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே வந்தால் ஆபத்தில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடம் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தொடர்பில் இருந்தவர்களைக் கணக்கெடுக்க வைத்த அளவு. பதினான்காவது நிமிடம்வரை வைரஸ் காத்துக்கொண்டிருக்காது. விசிட் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நல்லது, அவ்வளவுதான்.

துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் பெட்டி, கேபிள், கதவுக் கைப்பிடி என்று எதையும் விடாமல் துடைத்தோம். 2021 ஏப்ரலில் அதே மையம், தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. காற்றுதான் முக்கிய வழி என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. ஆகவே திரும்பி வந்த பெட்டியை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். காற்றோட்டத் துளைக்குள் ஸ்பிரே அடித்து நல்ல ரூட்டரைக் கொல்லவேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு ஃபைபரை வெட்டச் சொன்னால் உங்கள் ஆட்கள் திட்டுவார்கள், நியாயம்தான். கையைக் கழுவச் சொல்லுங்கள். மிச்சமாகும் காசை நல்ல மாஸ்க்கில் போடுங்கள்.

அடுத்து வருவது கொரோனா மாதிரியே இருக்கும் என்று எண்ணவேண்டாம். தொடுவதால் பரவும் நோயாகவும் இருக்கலாம். அதனால் நாட்கணக்கு, தனிமைப்படுத்தல் போன்ற எண்களை உங்கள் விதிமுறைக்குள் எழுதாதீர்கள். அமெரிக்காவில் பத்து நாள் என்று இருந்த தனிமைப்படுத்தலை 2021 டிசம்பரில் ஐந்தாகக் குறைத்தார்கள். தனியாக ஒரு தாள் வைத்து, சுகாதாரத் துறை சொல்வதற்கு ஏற்ப அதை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த சர்வதேச அவசரநிலையை 2023 மே 5 அன்றுதான் விலக்கிக்கொண்டது. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பற்றக்கூடிய கடுமையான விதி மூன்று வருடத்துக்கு ஆகாது. நான்காவது மாதத்தில் எல்லாரும் கைவிடும் இருபது விதியைவிடக் கடைசிவரை நிற்கும் ஆறு விதி மேல்.

யாருக்கு முதலில் போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வரும். கிளினிக், போனில் டாக்டரைப் பார்க்கும் நோயாளி இருக்கும் வீடு, வேறு எந்த இணைப்பும் இல்லாத வீடு; இவை முன்னால். மொத்தமாக அறுந்தவை அடுத்து. ஸ்லோ என்பவர்கள் அதற்கும் பின்னால். ஏற்கெனவே வேறு நெட் இருப்பவரின் புது இணைப்பு கடைசி. அதிகமாகச் சத்தம் போடுபவர் வரிசையில் முன்னால் வரக் கூடாது. அந்த போனை நீங்களே எடுங்கள், டெக்னீஷியன் தலையில் கட்டாதீர்கள். சிம் போட்ட ஹாட்ஸ்பாட் கருவிகள் சில கையிருப்பில் இருந்தால் காத்திருக்கும் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரலாம்.

வாசலில் பணம் வாங்குவதும் டேப்லெட்டில் கையெழுத்து வாங்குவதும் நிற்கட்டும்.

நான்கு பேரை இரண்டு இரண்டாகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு வண்டி, ஒரு செட் கருவி என்று கொடுத்து, இரண்டு ஜோடிகளும் ஆபீஸில் சந்திக்காதபடி நேரத்தை மாற்றி வையுங்கள். யார் எந்த வீட்டுக்கு எப்போது போனார், உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார் என்று குறிப்பு இருக்கட்டும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அறிகுறிக்கு இரண்டு நாள் முன்பிருந்து அவர் போன வீடுகளுக்கு எல்லாம் அன்றே போன் செய்து சொல்லிவிடவேண்டும், பெயரைச் சொல்லாமல். சுகாதாரத் துறை கேட்கும் காலம் முடிந்ததும் குறிப்பை அழித்துவிடுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் "அது கொரோனா வீடு" என்று யாரும் எழுதக் கூடாது. புகார் டிக்கெட்டில் "வெளியே மட்டும்" என்று போட்டால் போதும், டெக்னீஷியனுக்கு வேண்டிய தகவல் அதில் இருக்கிறது. பத்து பேர் இருக்கும் குரூப்பிலிருந்து ஒரு நோயாளியின் விலாசம் வெளியே போய்விட்டால், நான் மேலே சொன்ன கேள்விக்கு அந்த ஊரில் யாரும் உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள்.

எழுதி முடித்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வேலை குறைவான ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, வரும் எல்லாப் புகார்களையும் வீட்டுக்குள் கால் வைக்காமல் முடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் நோய் எதுவும் இல்லாத நேரம் என்பதால், முடியாமல் போனால் சாதாரணமாக உள்ளே போய்ச் சரிசெய்துகொள்ளலாம். எந்த எந்த வீடுகளில் உள்ளே போகவேண்டி வந்தது, ஏன் என்று மட்டும் எழுதி வாங்குங்கள். சில வீடுகளில் பழைய மாடல் ஓஎன்யு இருக்கும், தொலைவிலிருந்து எட்ட முடியாது. சிலவற்றில் கேபிள் நேரே சுவரைத் துளைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போயிருக்கும். அந்த வீடுகளின் வெளிச்சுவரில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, உங்கள் கேபிள் அங்கே முடிந்து அவர்களுடையது அங்கே தொடங்குகிற மாதிரி மாற்றிவிட்டு வாருங்கள். புது இணைப்புகளை இந்த மாதத்திலிருந்தே அப்படித்தான் கொடுக்கவேண்டும்.